இலக்கைக் காக்கிற ஆட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட் (மலேசியா) ஆசிரியை, திங்கள் இரவு:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை இங்குள்ள தமிழ்ப்பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சித்தாள் ஒன்று கொடுக்க வேண்டும். மலாய்க் குறிப்பு கையில் இருக்கிறது. தமிழில் ஆக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

ஆட்டம் இதுதான். திடலில் சுண்ணாம்பால் ஒரு வட்டம், நடுவில் காலி மைலோ டின், அதைக் காக்க ஒரு பிள்ளை. வட்டத்துக்கு வெளியே ஆறு பேர். பந்தை ஒருவருக்கொருவர் தட்டிவிட்டு, காவல் பிள்ளை அசந்த நேரம் பார்த்து எறிந்து டின்னைச் சாய்க்க வேண்டும். இந்த மாதிரி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயர் தேடுகிறேன்.

'இலக்கு ஆட்டம்' என்று எழுதி அடித்துவிட்டேன். 1982-இல் பங்கரும் தோர்ப்பும் உத்தியை முன்வைத்து ஆட்டம் கற்பிக்கும் முறையை எழுதினார்கள். அந்த வழியில் வந்த வகைப்பாட்டில் இலக்கு என்றால் கோல்ஃப், போலிங், வில்வித்தை. அங்கே குறுக்கே நின்று தடுக்க ஆள் கிடையாது. எங்கள் ஆட்டத்தில் தடுக்கிற பிள்ளைதான் எல்லாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆசிரியர்களே குழம்பிப் போவார்கள்.

கோயம்புத்தூர் ஐயா, செவ்வாய் காலை:

அம்மா, அடித்ததே நல்லது. இலக்கு வடமொழி லக்ஷ்யத்தின் வழி வந்தது. 'இலங்கு' என்பதோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்மிடம் 'குறி' இருக்கிறது. குறி பார்த்தல், குறி தப்புதல் எல்லாம் நாட்டுப்புறத்தானும் சொல்வது. அடுத்து, கையால் விடுவதற்கு எறிதல்தான் சரி. அம்பை எய்தார்கள், வேலை எறிந்தார்கள். பறையையும் எறிந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே எறிதல் அடித்தல். ஆக, வீசுவதும் தாக்குவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. என் பரிந்துரை: எறிகுறிகாப்பு.

கிள்ளான் தம்பி:

ஐயா மன்னிக்கணும். ஆறாம் ஆண்டு வகுப்பில் போய் 'குறியைக் காத்துக்கொள்' என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்குப் பாடம் நடக்காது.

ஈப்போ அக்கா, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை:

எல்லாரும் நொச்சியை மறந்துவிட்டீர்களே! எயில், அதாவது கோட்டை மதிலைக் காத்தல் நொச்சி, அதை வளைத்தல் உழிஞை என்று பள்ளியில் ஒப்பித்தோமே. வட்டம்தான் மதில். உள்ளே நிற்பவர் நொச்சியார், வெளியே ஆறு பேரும் உழிஞையார். 'நொச்சியாட்டம்' என்று வைத்தால் ஆட்டத்தோடு இலக்கியமும் வந்துவிடும்.

கோயம்புத்தூர் ஐயா:

அழகான எண்ணம். ஆனால் தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணை இல்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கம். தனியாகப் பிரித்துக் காட்டுவது புறப்பொருள் வெண்பாமாலை. எதை ஏற்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

(இதற்குப் பின் ஒன்பது மடல்கள் திணையைப் பற்றியே வந்தன.)

சுங்கை சிப்புட் ஆசிரியை:

அக்கா, எங்கள் பிள்ளைகளுக்கு நொச்சி என்றால் சளிக்கு ஆவி பிடிக்கிற இலை. வெள்ளி நெருங்குகிறது.

சிங்கப்பூர் அண்ணன்:

கோல்பாலையும் கணக்கில் எடுங்கள். போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946-இல் உருவாக்கிய ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லார் கண்ணும் கட்டியிருக்கும். 9 மீட்டர் அகல கோல். உள்ளே மணி போட்ட 1.25 கிலோ பந்தை உருட்டி எறிவார்கள். எதிரணி சத்தம் கேட்ட பக்கம் படுத்துத் தடுக்கும். எறிவதும் காப்பதும் அதே ஆட்கள். 'மணிப்பந்து' என்று சொல்லலாமா? 'எறிபந்து' மட்டும் வேண்டாம், தமிழ்நாட்டில் அது வலைக்கு மேலே எறிந்து ஆடும் வேறு ஆட்டம்.

கிள்ளான் தம்பி:

அங்கே எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு எந்தச் சொல்லும் மிஞ்சாது அண்ணே. நமக்குப் பூப்பந்து என்றால் பேட்மிண்டன். அவர்களுக்கு அது கம்பளி நூல் பந்தை ஐந்து ஐந்து பேராக அடிப்பது. யார் செத்துப்போனார்கள்? எண்ணெய்ப்பனையைச் செம்பனை என்று இங்கே சொல்கிறோம், தோட்டத்தில் குலை வெட்டுகிறவரும் அதைத்தான் சொல்கிறார். சொல் பேசுகிறவர் வாயில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் ஆசிரியை, புதன் மதியம்:

காலையில் நான்காம் ஆண்டோடு ஆடிப் பார்த்தேன். 'காப்பாளர்' என்று இரண்டு முறை சொன்னேன், யாரும் நகரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், இன்னிக்கு யார் ஜாகா?" என்றான். உடனே நாலு பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வட்டத்தில் நின்ற பெண்பிள்ளை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டின்னுக்கு முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தே ஐந்து நிமிடம் காத்தாள். சொல்லிக் கொடுக்க நினைத்திருந்த உத்தியை அவளே செய்துவிட்டாள்.

கோயம்புத்தூர் ஐயா:

ஜாகையா? குடியிருக்கும் இடத்தை அல்லவா அப்படிச் சொல்வோம்?

சுங்கை சிப்புட் ஆசிரியை:

இல்லை ஐயா, ஜாகா. மலாய்ச் சொல். இங்கே காவலாளியை ஜாகா என்போம். பால்மரம் வெட்டி ஓய்ந்த பிறகு என் அப்பா பத்து வருடம் ஜாகா வேலைதான் பார்த்தார்.

கோயம்புத்தூர் ஐயா:

அதற்கும் மூலம் சமஸ்கிருதம்தான், விழித்திருத்தல் என்ற பொருள். இலக்கை வாசலில் நிறுத்திவிட்டு ஜாகாவை உள்ளே விடுவது என்ன நியாயம்?

கிள்ளான் தம்பி:

அப்படியானால் இலக்கையும் உள்ளே விட்டுவிடுங்கள் ஐயா. 'இலக்குக்காப்பு ஆட்டம்'. படித்தவுடன் புரிகிறது.

சிங்கப்பூர் அண்ணன்:

சரி, எனக்கும் சம்மதம். மணிப்பந்தை இன்னொரு நாள் பேசலாம்.

ஈப்போ அக்கா:

மனமில்லாமல் சம்மதம். ஆனால் நடுவில் 'க்' வருமா? இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது என்றுதானே சொல்லிக் கொடுத்தோம்?

கோயம்புத்தூர் ஐயா:

வன்தொடர்க் குற்றியலுகரம் அம்மா, மிகும். சொல்லையே நான் ஏற்கவில்லை என்பது வேறு. குறிகாப்பில் இந்தத் தொல்லை வந்திருக்காது.

சுங்கை சிப்புட் ஆசிரியை, வியாழன் இரவு:

எல்லாருக்கும் நன்றி. பயிற்சித்தாள் 40 படி அச்சாகிவிட்டது, தலைப்பு 'இலக்குகாப்பு ஆட்டம்'. 'க்' விழுந்துவிட்டது, அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. கட்டத்துக்குள் காப்பாளர் என்ற இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஜாகா என்று போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் ஐயா:

40 படிதானே? பேனாவால் 'க்' போட்டுவிடலாம். அப்படியே அந்த அடைப்புக்குறியையும் அடித்துவிடுங்கள்.