காசில்டன், ஈடேல் பாதைகளில் நீங்கள் சந்தித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர் (ஷெஃபீல்ட்)

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கு, காசில்டன், ஈடேல் போன்ற கிராமங்கள் பக்கம் போய் வரும் நம்மவர்கள் பெரும்பாலும் குகைப் படம் நான்கு, கோட்டைப் படம் இரண்டு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வழியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த ஊர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் பங்கை முதலில் வைக்கிறேன்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் டோட்லி சுரங்கம் வரும். 1893-இல் கட்டி முடித்தது. ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இருட்டு விலகியதும் ஹோப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. ஈடேலில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் என்ற முகட்டைத் தாண்டி, மறுபக்கம் காசில்டனுக்கு இறங்குவது எனக்குப் பிடித்த வழி. 17-ஆம் நூற்றாண்டு வரை ஈடேலில் தேவாலயம் கிடையாது. இறந்தவர்களை இந்த முகட்டின் மேல் சுமந்துபோய் மறுபக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் காசில்டன் பெண்கள் ஈடேல் பஞ்சாலை வேலைக்கு இதே வழியாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

பாதை விவசாயிகளின் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகிறது. நிலம் அவர்களுடையது, நடக்கும் உரிமை ஊருக்கெல்லாம் பொது. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் தயங்காமல் உள்ளே போகலாம். நிலத்துக்காரர் தம் இஷ்டத்துக்கு அதை அடைக்க முடியாது.

ஓர் ஏப்ரல் மாதம், செம்மறிகள் குட்டி போடும் பருவம். கல் சுவரை ஒட்டிய சிறு பள்ளத்தில் ஓர் ஆடு நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். எதிரே ஊன்றுகோலுடன் வந்த ஒரு மூதாட்டி, "வாருங்கள், என் கைக்கு இப்போது அவ்வளவு பலமில்லை" என்று கூப்பிட்டார். அந்த நிலமே அவர் குடும்பத்துடையதாம். கம்பளி நனைந்து கனத்து, வயிற்றில் குட்டியும் இருக்கும்போது இப்படி விழுந்த ஆட்டால் தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்து நெஞ்சை அழுத்த, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்றார். ஒரு கையால் தோள்பக்கத்துக் கம்பளியையும் மறு கையால் இடுப்புப் பக்கத்தையும் கொத்தாகப் பிடித்துப் புரட்டச் சொன்னார். மேலே ஈரமும் சில்லிப்புமாக இருந்த கம்பளிக்குள் விரல் போனதும் நல்ல சூடு. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எழுந்ததும் விட்டுவிடக் கூடாதாம். கால் மரத்திருக்கும், மறுபடி சாய்ந்துவிடும். அதனால் அதன் விலாவுக்கு என் முழங்காலால் முட்டுக்கொடுத்து நின்றேன். தள்ளாடி, பின் நிதானித்து, மந்தையைப் பார்த்து ஓடியது.

"நாங்கள் காலையும் மாலையும்தான் சுற்றி வருகிறோம். இடைப்பட்ட நேரத்தில் பார்ப்பது பாதையில் போகிறவர்கள்தான்" என்றார் அந்த அம்மா. அவர் கேட்டுக்கொண்டவை இரண்டு: கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

மான்செஸ்டர் உறுப்பினர்

நல்ல தொடக்கம், ஐயா. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் மாம் டார் மலையடியில் உடைந்து கிடக்கும் பழைய சாலை. மலை 517 மீட்டர். உச்சி வரை கல் பாவிய பாதை இருப்பதால் ஏறுவது சிரமமில்லை. ஆனால் என் பிள்ளைகள் இன்றும் பேசுவது கீழே உள்ள சாலையைப் பற்றித்தான்.

மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை அது. மழைநீர் உள்ளே இறங்க இறங்க ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சரிவின் மேல் போட்ட நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் 1979-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இப்போது போனால் தார்ச்சாலை ஆள் உயரத்துக்குப் பிளந்து தொங்குகிறது. நடுக்கோடு இங்கே முடிந்து, கீழே ஒரு படி இறங்கிய இடத்தில் மீண்டும் தொடங்குகிறது.

என் மகள் பிளவில் தெரிந்த தார் அடுக்குகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு முறை போட்ட ஒட்டு. பையனாக இருந்தபோது இதன் மேல் பஸ்ஸில் போயிருக்கிறேன், இந்த இடம் வந்தால் டிரைவர் வேகத்தைக் குறைப்பார்" என்றார். பிறகு அரை மணி நேரம், எந்த வருடம் எந்தப் பக்கம் இறங்கியது என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தார். எந்தத் தகவல் பலகையும் அப்படிச் சொல்லித் தராது.

சாலை மூடியதால் மேற்கேயிருந்து காசில்டனுக்கு வரும் கார்கள் வின்னட்ஸ் கணவாய் வழியாகத்தான் இறங்குகின்றன. இரு புறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, கடுமையான சரிவு. பார்க்க அழகுதான். ஆனாலும் வார இறுதியில் காரில் போகாதீர்கள். நிறுத்த இடமின்றிக் கிராமத்து மக்களின் வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நாட்டிங்ஹாம் உறுப்பினர்

மலை ஏற முடியாத பெரியவர்களுக்காக எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸ்பீட்வெல் குகையில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கித்தான் படகில் ஏற வேண்டும் என்றதால் அதை விட்டுவிட்டோம். பீக் குகைக்கு ஊருக்குள்ளிருந்தே ஓடையோரமாக நடந்து போய்விடலாம். அதன் வாயில் மட்டுமே ஒரு பெரிய மண்டபம் அளவு. அந்த வாயிலுக்குள்ளேயே வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாகக் கயிறு திரித்திருக்கிறார்கள். அவர்கள் அடுப்புப் புகை படிந்த கரி இன்னும் கூரையில் இருக்கிறது.

வழிகாட்டிப் பெண் சணல் இழைகளைக் கொக்கியில் மாட்டி, "சக்கரத்தைச் சுற்ற யார் வருகிறீர்கள்?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். எழுந்து போனது என் அம்மா. எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். மொழி தெரியாமலே, இழை தளர்கிறது, இழுத்துப் பிடி என்று கையசைத்தார். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்தது. முறுக்கி முடித்த முழ நீளத் துண்டை வெட்டி அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

ப்ளூ ஜான் என்ற ஊதா வரியோடிய கல்லும் இந்த ஊரில் வெட்டியெடுப்பதுதான். கடைகளில் பொறுமையாகப் பார்த்து வாங்குங்கள்.

லீட்ஸ் உறுப்பினர்

கிண்டர் ஸ்கௌட் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. 636 மீட்டர், டெர்பிஷயரில் அதற்கு மேல் உயரம் கிடையாது. இன்று யார் வேண்டுமானாலும் நடக்கும் அந்த மேட்டில் ஒரு காலத்தில் காவலாட்கள் தடியோடு நின்றார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக மற்றவர்களை விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் முன்னே நிற்க, ஹேஃபீல்ட் பக்கமிருந்து தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்ட்ரிக்ட். 2002-இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு அந்த மேட்டு நிலத்தை முன்பு வைத்திருந்த குடும்பத்தின் அன்றைய தலைவரான டெவன்ஷயர் கோமகனே வந்து, தம் தாத்தா காலத்தில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ஈடேலில் புறப்பட்டு ஸ்காட்லாந்து வரை 430 கிலோமீட்டர் போகும் பென்னைன் வே நடைவழியும் 1965-இல் அதே ஏப்ரல் 24 அன்றுதான் திறக்கப்பட்டது.

நான் சந்தித்தது மேலே வேலை செய்துகொண்டிருந்த ஒரு குழுவை. ஆலைப் புகை நூறாண்டுகளுக்கும் மேலாகப் படிந்து படிந்து, இந்தக் கரிமண்ணின் மேலிருந்த பாசியைக் கொன்றுவிட்டது. பாசி போனதும் மண் கரைந்து, மழைநீர் நிற்காமல் ஓடிப் பள்ளம் பறித்துவிட்டது. இவர்கள் அந்தப் பாசியைத் திரும்ப நடுகிறார்கள். ஓர் இளைஞர் என் உள்ளங்கையில் ஒரு கொத்து வைத்து, "பிழியுங்கள்" என்றார். கைப்பிடி கூட நிறையாத பச்சைக் கொத்து. பிழியப் பிழியப் பழுப்பு நீர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடியது. விட்டதும் மெல்ல உப்பிப் பழைய வடிவுக்கு வந்தது. கட்டைவிரலால் சேற்றில் குழி செய்து, பாசியைச் செருகி, காலால் லேசாக மிதித்துவிட வேண்டும். அன்று மாலை வரை நானும் அவர்களோடு நட்டேன். சேற்றுப் பகுதிகளில் பாவிய பெரிய பலகைக் கற்களில் பல, இடித்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து எடுத்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்தவை என்று அவர்தான் சொன்னார்.

தயவுசெய்து அந்தக் கற்களை விட்டு இறங்காதீர்கள். மேலே திடீரென மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. காகித வரைபடமும் திசைகாட்டியும் அவசியம் வேண்டும். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நாட்டிங்ஹாம் சகோதரி, அம்மாவை அடுத்த முறை ஈம் (Eyam) என்ற கிராமத்துக்கும் அழைத்துப் போங்கள். பெரிய ஏற்றம் இல்லாமலே நிறைய பார்க்கலாம். 1665-இல் அங்கே கொள்ளைநோய் புகுந்தபோது, மாம்பெசன் என்ற பாதிரியாரின் பேச்சைக் கேட்டு ஊரே வெளியேறாமல் இருந்துகொண்டது. வெளியூரார் உணவை எல்லைக்கல் அருகே வைத்துவிட்டுப் போவார்கள். கல்லின் குழிகளில் வினிகருக்குள் போட்டுவைத்த காசை எடுத்துக்கொள்வார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு குழந்தைகளையும் தன் கையாலேயே புதைத்த வயலும் அங்கே இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அங்கே அவர்களுக்காகத் திறந்தவெளியில் நினைவு வழிபாடு நடக்கும். நான் போக இருக்கிறேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் இங்கே எழுதுங்கள், சேர்ந்தே நடக்கலாம். லீட்ஸ் நண்பரே, பாசி நடும் வேலைக்கு யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.