ஃபெனிடோயின்: டோஸ் கூட்டியபோது நடந்தது

தம்பிக்கு ஃபிட்ஸுக்காக ஃபெனிடோயின் கொடுக்கிறோம். 300 மில்லிகிராமில் பல வருடம் நன்றாகவே போனது. நடுவில் மறுபடி ஃபிட்ஸ் வந்ததால் 400 ஆக்கினார்கள். கொஞ்ச நாளில் நடை தள்ளாட ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் போவான். பேச்சு குழறியது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி வெட்டி வெட்டித் துடித்தது. நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம்.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டியது, 30-ஐத் தாண்டியிருந்தது. கல்லீரலால் இந்த மருந்தை ஓரளவு வேகத்தில்தான் சிதைக்க முடியுமாம். அந்த எல்லையை நெருங்கிய பிறகு டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் அளவு மளமளவென்று ஏறிவிடுகிறது. டாக்டர் குறைத்து, மறுபடி டெஸ்ட் பார்த்து, 330-இல் நிறுத்தினார். நடை பழையபடி ஆகிவிட்டது. டோஸ் மாற்றினால் அடுத்த சில வாரங்கள் நடையையும் கண்ணையும் கவனியுங்கள். தள்ளாட்டம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து ஃபிட்ஸ் வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று ஈறு. இந்த மருந்தால் அது பல்லின் மேல் ஏறி வளர்கிறது, துலக்கினால் ரத்தம் கசிகிறது. பல் டாக்டரிடம் ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு பரவாயில்லை. சிரப் கொடுப்பவர்கள் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிட்டால் முதலில் ஊற்றுவதில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போகும்.

*

அக்கா, என் கணவருக்கும் ஃபிட்ஸ்தான். வால்ப்ரோயேட் என்ற ஃபிட்ஸ் மருந்தோடு லாமோட்ரிஜின் என்ற இன்னொன்றையும் சேர்த்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம்தான். இவ்வளவு குறைவாக எதற்கு என்று கேட்டேன். வால்ப்ரோயேட் இருக்கும்போது லாமோட்ரிஜின் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது, வேகமாகக் கூட்டினால் தோலில் மோசமான அலர்ஜி வரலாம் என்றார் டாக்டர். அப்படியும் மார்பில் சிவப்புத் தடிப்பு வந்தது. அன்றைக்கே போய்க் காட்டினோம், அவரே அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருந்தால் எமர்ஜென்சிக்கே போகச் சொல்லியிருந்தார்.

*

பெண்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். நானும் ஃபெனிடோயின்தான். இதோடு சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேலை செய்யாமல் போகலாம். எனக்கு இதை யாரும் தானாகச் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அது கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. மருந்தை மாற்றவும், ஃபோலிக் ஆசிட் முன்கூட்டியே தொடங்கவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.