6ய² − 11ய − 10: ரெண்டு அடைப்பும் ஒரே மாதிரி வரேல்லை

சுன்னாகம், 11ஆம் தரம்:
6ய² − 11ய − 10 ஐக் காரணிப்படுத்த வேணும். (தெரியாக்கணியத்தை ய எண்டு எழுதியிருக்கிறன்.) ரெண்டு எண் வேணும்: பெருக்கம் 6 × (−10) = −60, கூட்டுத்தொகை −11. சோடி −15, +4 எண்டு எடுத்தன்.
6ய² + 4ய − 15ய − 10
= 2ய(3ய + 2) − 5(3ய − 2)
இதுக்கு மேல போகேலாமல் இருக்கு. சோடி பிழையோ?

கொக்குவில்:
சோடி சரி, தங்கச்சி. பிழை ரெண்டாவது அடைப்புக்குள்ள. −15ய − 10 இல இருந்து −5 ஐ வெளியில எடுக்கேக்க உள்ளுக்குள்ள ரெண்டு உறுப்பின்ர குறியும் மாறும். −10 ஐ −5 ஆல் வகுத்தால் +2. நீங்கள் எழுதினதை விரிச்சுப் பாருங்கோ, −15ய + 10 வரும். கேள்வியில சய 10 (−10) எல்லோ இருக்கு.
2ய(3ய + 2) − 5(3ய + 2) = (3ய + 2)(2ய − 5)

சய உறுப்பை முன்னுக்குப் போட்டால் இந்தக் கரைச்சலே வராது:
6ய² − 15ய + 4ய − 10 = 3ய(2ய − 5) + 2(2ய − 5)
சோடியில ரெண்டும் சய எண்டால் மட்டும் தப்பேலாது. உதாரணம் 2ய² − 7ய + 6: 2ய(ய − 2) − 3(ய − 2). அங்க குறியைக் கவனமாய் மாத்தத்தான் வேணும்.

நல்லூர்:
விடையைச் சரிபார்க்காமல் விடாதேங்கோ. ய = 2 எண்டு போடுங்கோ: 24 − 22 − 10 = −8. காரணிகளில 8 × (−1) = −8. ய = 0 போட்டுப் பார்க்கிறது போதாது, அது மாறிலி உறுப்பை மட்டும்தான் காட்டும்; நடு உறுப்பு பிழைச்சிருந்தாலும் சரி மாதிரித் தெரியும்.

சுன்னாகம்:
விளங்கிச்சுது, நன்றி. 12ய² − 22ய − 20 க்கு (2ய − 5)(6ய + 4) வந்தது. ய = 2 போட்டால் ரெண்டு பக்கமும் −16. ஆனால் விடைத்தாளில வேற மாதிரி இருக்கு.

கொக்குவில்:
பெருக்கம் சரி, காரணிப்படுத்தல் முடியேல்லை. 6ய + 4 க்குள்ள இன்னும் 2 கிடக்கு: 2(2ய − 5)(3ய + 2). முதல் வரியிலேயே பொதுக் காரணியை எடுத்திருந்தால் 2(6ய² − 11ய − 10), நீங்கள் செய்து முடிச்ச கணக்குத்தான். அந்த 2 ஐ விடையில விட்டிடாதேங்கோ. சமன்பாடு எண்டால் ரெண்டு பக்கத்தையும் 2 ஆல் வகுக்கலாம். இது கோவை, வகுத்தால் பெறுமானமே மாறிப்போகும்.

சாவகச்சேரி:
2ய² + 3ய − 4 க்குச் சோடியே கிடைக்குதில்லை. 8 க்கு 1, 8 உம் 2, 4 உம்தான் இருக்கு. வித்தியாசம் 7, 2. எனக்கு 3 வேணும்.

நல்லூர்:
கிடையாது. நடுக் குணகத்தின்ர வர்க்கத்தில இருந்து, முதற் குணகம் × மாறிலி × 4 ஐக் கழியுங்கோ: 9 + 32 = 41. இது நிறைவர்க்கம் இல்லை, அதால முழுவெண் குணகங்களோட காரணி வராது. மேல உள்ள முதற் கணக்கில 121 + 240 = 361, அதாவது 19². அதுதான் பிரிஞ்சது. சோடி தேடிக் களைக்க முதல் இதைப் பாருங்கோ. சமன்பாடாய்த் தந்து தீர்க்கச் சொன்னால் வர்க்கப்பூர்த்தியாலோ சூத்திரத்தாலோ செய்யலாம்.