கோன் ஃபில்டர் போட்டபின் சோக் இல்லாமல் வண்டி ஓடமாட்டேன் என்கிறது

கேள்வி: 150 சிசி கார்புரேட்டர் வண்டி. ஏர்பாக்ஸைக் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) கழற்றிவிட்டு கோன் ஃபில்டரும் (திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) புகை தடையின்றி வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்டினேன். காலையில் சோக் இழுத்தால்தான் பிடிக்கிறது, விட்டால் அணைந்துவிடுகிறது. ஸ்பார்க் நன்றாக வருகிறது. எதைப் பார்ப்பது?

பதில்: சோக் கலவையில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும். அதில் மட்டும் ஓடுகிறதென்றால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. பிளக் நுனி வெளுத்திருக்கும், பாருங்க. ஸ்டார்ட்டிங்கையும் ஐடிலையும் (த்ராட்டில் திருகாமல் ஓடுவது) பார்த்துக்கொள்வது பைலட் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடும் சிறு துளை. ஒரு அளவு பெரியது போடுங்கள்.

பதில்: ஜெட் வாங்குமுன் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரைப் பாருங்க நண்பா. கழற்றி மாட்டும்போது ஓரம் மடிந்துவிடும். எஞ்சின் சூடேறுமுன், சோக்கில் ஓடவிட்டு, சைலன்சரில் படாமல் அதைச் சுற்றி கார்ப் கிளீனர் அடியுங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் வேகம்) மாறினால் காற்று லீக் அங்கேதான்.

பதில்: த்ராட்டில் அதிகம் திறக்கும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டையும் பெரிய அளவுக்கு ஏற்றியாக வேண்டும். அதுவரை முழு த்ராட்டில் வேண்டாம், பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் போய்விடும்.