எல்லைக் கதையை யார் கண்ணால் சொல்வது?

பள்ளத்தூர்க்காரன்:
சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஐயா (தாத்தா) பர்மாவில் பியாப்போன் பக்கம் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த ஊழியராக இருந்தவர். எங்கள் வீட்டுப் பட்டாலைத் தூண்கள் எல்லாம் பர்மாத் தேக்கு. கதையில் 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் ஒரு பெட்டியடிப் பையன் (வட்டிக்கடை எடுபிடி) பர்மா எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடக்கிறான். பிற்பாதியில் அவன் பேரன் தமுவுக்கு எதிரே மணிப்பூரில் இருக்கும் மோரே எல்லையில் இன்று நிற்கிறான். நடையிலிருந்தே தொடங்கலாமா?

தேவகோட்டை ஓய்வாசிரியர்:
வேண்டாம் தம்பி. அங்கே தொடங்கினால் நம்மவர்கள், அங்கே வட்டிக்கடை வைத்த செட்டியார்கள், அடிபட்டு ஓடிவந்தவர்களாக மட்டுமே தெரிவார்கள். 1930-க்குப் போங்கள். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலங்கள் நம் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். அதே 1937 ஏப்ரலில்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி ஆட்சிப்பகுதி ஆனது. அதுவரை நம்மவர்களுக்கு அது வேறு நாடே இல்லை. அந்த மண்ணின் உழவனுக்கு என்றைக்குமே அவன் நாடு.

ஒரு காட்சி போதும். கைப்பெட்டிக்கு முன்னால் உங்கள் ஐயா சம்மணமிட்டிருக்கிறார். எதிரே பர்மிய விவசாயி. பேச்சு முழுவதும் பர்மிய மொழியில் நடக்கிறது. பேரேடு மட்டும் தமிழில். தன் நிலம் எந்த வரியில் போகிறது என்று அவனால் படிக்க முடியாது.

மோரேயில் பிறந்தவள், இப்போது காரைக்குடி:
ஆசிரியர் ஐயா சொன்ன காட்சியை அவசியம் எழுதுங்கள். ஆனால் பேரனை எல்லையில் சும்மா நிற்க வைக்காதீர்கள், அங்கே யாரும் சும்மா நிற்பதில்லை.

என் அப்பா 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தவர். அந்த மே மாதம்தான் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். முகாமில் மனம் ஒட்டாமல், பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று மோரே வரை போனார். பர்மா உள்ளே விடவில்லை. அப்படி நின்றுவிட்டவர்கள் கட்டியதுதான் அங்குள்ள அங்காள பரமேசுவரி கோயில்.

அம்மா எல்லையின் இரண்டாம் கேட் தாண்டி, பர்மாப் பக்கம் இருக்கும் நம்பலாங் சந்தைக்குப் போவார். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கேட் மூடும் நேரத்தை இரண்டு கணக்கிலும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுவார். எதிர்ப்பக்கத்திலிருந்து பர்மியப் பெண்கள் முதுகில் மூட்டையோடு வருவார்கள், நம் ரூபாய்க் கூலிக்காக. உங்கள் ஐயா காலத்தில் பிழைப்புத் தேடி நாம் அங்கே போனோம். என் காலத்தில் அவர்கள் இங்கே வந்தார்கள். பிற்பாதியை அப்படி ஒரு மூட்டைக்காரியின் கண்ணால் எழுதுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
நன்றி ஆச்சி. அந்தப் பெண்ணை நிலம் இழந்த விவசாயியின் பேத்தியாக வைத்தால் கதை கூடிவராதா?

மோரேயில் பிறந்தவள்:
வைக்காதீர்கள். பியாப்போன் ஐராவதி டெல்டாவின் தென்கோடி, தமு வடமேற்கு எல்லை. அவளுக்கு உங்கள் ஐயாவைத் தெரியவே வேண்டாம். உறவு கட்டிவிட்டால் கதை உங்கள் வீட்டு மன்னிப்பைப் பற்றியதாகிவிடும். மூட்டையில் என்ன, எவ்வளவு கனம், கூலியைக் கையில் கொடுத்தார்களா, கடன் சொன்னார்களா, கேட் திடீரென்று மூடினால் அன்றிரவு அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன்.