கூட்டுக் குடியிருப்பில் பொதுக்கூடம் எந்த மாடியில்?

கேள்வி: தனித்தனி வீடுகள், சேர்ந்து சமைத்துச் சாப்பிடப் பொது இடம் என்று ஒரு கூட்டுக் குடியிருப்பு கட்டப்போகிறோம். 24 வீடுகள், மூன்று மாடி. பொதுச் சமையலறையும் கூடமும் மொட்டைமாடியில் வரலாமா? நல்ல காற்று வரும்.

பதில் 1: வேண்டாம். மேலே ஏறிப்போக வேண்டிய கூடம் விசேஷ நாளில்தான் திறக்கும். வாசலுக்கும் வீடுகளுக்கும் நடுவே, எல்லோரும் தினமும் கடக்கும் தரைத்தளத்தில் வையுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நடந்துபோகிறவருக்குத் தெரிய வேண்டும். தபால்பெட்டி, சலவை இயந்திரம் இரண்டையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

பதில் 2: எதிரொலியையும் கவனியுங்கள். டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் கூரை, சுற்றிலும் கண்ணாடி என்றால் 40 பேர் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. முதலில் வராமல் போவது வயதானவர்கள்தான். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அவசியம். சமையலறைக்கு நேர்மேலே படுக்கையறை வரவே கூடாது.

கேட்டவர்: வீட்டுக்குள்ளும் சமையலறை வேண்டுமா?

பதில் 1: கட்டாயம், சிறியதாக. விருந்தினர் அறையைப் பொதுவாக்குங்கள்; 24 வீட்டுக்கு இரண்டு அறை போதும்.