நாளைக்கு எத்தனை மீட்டர் எழுதிக் கொடுப்பது?

கடல்காகம்:
எகிப்தில் தஹாபில் இருக்கிறேன், என் முதல் ஃப்ரீடைவிங் ஆழப் போட்டி, ஒரே மூச்சில் முங்கி மேலே வருவது. இன்று மாலை ஆறு மணிக்குள் நாளைய ஆழத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். பை-ஃபின் பிரிவு, காலுக்கு ஒரு துடுப்பு. பயிற்சியில் என் உச்சம் 52 மீட்டர், அதுவும் ஒரே ஒரு தடவை, மேலே வந்தபோது உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது என்று கூட வந்தவன் சொன்னான். 48 ஐந்தாறு தடவை போயிருக்கிறேன், வந்த கையோடு அரட்டை அடிக்கும் நிலையில்தான் இருப்பேன். மூன்று நாள், நாளுக்கு ஒரு டைவ், மூன்றில் சிறந்தது மட்டும் கணக்கு. 48, 52, 55, எதை எழுதட்டும்?

(இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு: நாம் சொல்லும் ஆழத்தில்தான் கயிற்றின் அடித்தட்டு நிற்கும். அங்கிருந்து டேக் என்ற சின்ன அடையாளச் சீட்டைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். தெம்பு மிச்சம் இருக்கிறதே என்று அதற்குக் கீழே போக முடியாது.)

சுறாப்புட்டு:
55. யோசிக்கவே வேண்டாம். 48 போவதற்கு எதற்குப் போட்டி, அதைத்தான் வாரம் முழுக்கப் போகிறாயே. ஐந்து சேஃப்டி டைவர், மருத்துவர், ஆக்சிஜன், உன்னைத் தூக்க எதிர்எடை எல்லாம் தயாராக நிற்கும் ஒரே நாள் அதுதான். எல்லையைத் தொட்டுப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

ஆமைவேகம்:
இந்த அறிவுரையைக் கேட்டுத்தான் பாதிப் பேர் முதல் போட்டியில் சிவப்பு அட்டை (டைவ் செல்லாது) வாங்குகிறார்கள். தம்பி, 46 எழுது. 48 கூட வேண்டாம். பயிற்சியில் உனக்குத் தோன்றும்போது மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவாய். நாளைக்கு உன் நேரம் 10:42 என்றால் 10:42-தான், குளிர்ந்தாலும் சரி, சிறுநீர் முட்டினாலும் சரி, ஒருவர் காதருகே எண்ணிக்கொண்டே இருப்பார். அதற்கே இரண்டு மூன்று மீட்டர் போய்விடும்.

கணக்குவாத்தி:
ரெண்டு பேரும் உணர்ச்சிவசப்படாமல் புள்ளியைப் பாருங்கள். ஐடா (சர்வதேச ஃப்ரீடைவிங் அமைப்பு) விதிப்படி மீட்டருக்கு ஒரு புள்ளி. 48 சொல்லி 48 எடுத்தால் 48. 55 சொல்லி 55 எடுத்தால் 55. 55 சொல்லிவிட்டுக் காது அடைத்து 46-ல் திரும்பினால், எட்டாத 9 மீட்டருக்கு 9 கழியும், டேக் இல்லாததற்கு இன்னும் 1, ஆக 36, மஞ்சள் அட்டை, அதாவது புள்ளி கழிந்தாலும் டைவ் செல்லும். மேலே வந்து மயங்கினால் பூஜ்யம்.

தவறுகிற தடவையெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடுவாய் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் பத்துக்கு ஆறு தடவைக்கு மேல் 55 உன்னால் முடிந்தால்தான் 48-ஐ விட அது லாபம். தவறுவதில் பாதி மயக்கம் என்றால் பத்துக்கு எட்டு தடவைக்கு மேல் முடிய வேண்டும். ஒரு தடவைகூடப் போகாத ஆழத்துக்கு எட்டு என்று எவன் சொல்வான்?

ஆனால் மூன்றில் சிறந்தது மட்டும் கணக்கு என்கிறாய். முதல் நாள் 48-ஐ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், அடுத்த இரண்டு நாள் 55 சொல்லித் தவறினாலும் புள்ளியில் நஷ்டம் இல்லை. என் பதில்: 48, அப்புறம் 55, அப்புறம் நிலைமையைப் பார்த்து.

சுறாப்புட்டு:
வாத்தியார் சுற்றி வளைத்து என் பக்கம் வந்துவிட்டார்.

ஆமைவேகம்:
புள்ளியில் நஷ்டம் இல்லை, சரி. நுரையீரலில்? நிக்கோலஸ் மெவோலி கதை தெரியும்தானே. 2013 நவம்பர் 17, பஹாமாஸில் டீன்ஸ் புளூ ஹோல் என்ற கடல் குழி, துடுப்பில்லாமல் 72 மீட்டர், அமெரிக்கச் சாதனைக்கான முயற்சி. 68-ல் நின்று திரும்பப் பார்த்தார், மனசு மாறி மறுபடி இறங்கி 72-ஐத் தொட்டார். மேலே வந்தார், கொஞ்ச நேரத்தில் நினைவு போயிற்று, பிழைக்கவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் இன்னொரு பிரிவில் தொண்ணூற்றுச் சொச்சத்துக்கு இறங்கி அதை எட்டாமலே திரும்பி, வாயில் ரத்தத்தோடு வந்திருந்தார். இன்றைக்குத் தவறினால் நாளைக்குப் புதிதாகத் தொடங்கலாம் என்பது தாளில்தான். ஸ்குவீஸ் ஆன, அதாவது ஆழத்தின் அழுத்தத்தில் காயப்பட்ட நுரையீரல் அடுத்த டைவிலும் அதே நுரையீரல்தான்.

அந்த நாலு மீட்டர்தான் எனக்கு உறுத்தல். எண்ணை எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் 68-லேயே வந்திருப்பாரோ என்னவோ. ஸ்டாடிக்கில், அதாவது அசையாமல் மூச்சடக்கி மிதக்கும் பிரிவில், இந்தச் சண்டையே கிடையாது பாருங்கள், மூன்று நிமிடம் என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடம் மிதக்கலாம், ஐந்துக்கும் புள்ளி உண்டு. ஆழத்தில்தான் எழுதிய எண்ணே தரை, எழுதிய எண்ணே கூரை.

சுறாப்புட்டு:
மெவோலியை இழுத்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் இழுக்கிறீர்கள். அவருக்கு ஏற்கனவே அடிபட்டிருந்தது, அவர் இறங்கியிருக்கவே கூடாது. 72-க்குப் பதில் 65 சொல்லியிருந்தாலும் அந்த நுரையீரலோடு அது தப்புத்தான். அது எண்ணின் குற்றம் இல்லை.

அதே குழியில் வில்லியம் ட்ரூபிரிட்ஜைப் பாருங்கள். துடுப்பில்லாமல் 101 அவருடைய சாதனை, 2010-ல். 2014 டிசம்பரில் 102 என்று அறிவித்து, நியூசிலாந்து டிவியில் நேரலையாக ஊரே பார்க்க, திரும்பி வரும்போது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே முடியாமல் போய் ஆட்கள் தூக்கினார்கள். 2016 ஜூலையில் மறுபடி அதே 102, எடுத்துவிட்டார். ஒரே ஒரு மீட்டர் கூட்டுவதற்கு ஐந்தரை வருஷம், நடுவில் ஒரு பெரிய அவமானம். 99, 99 என்று எழுதிக்கொண்டிருந்தால் நடந்திருக்குமா?

என் கதையும் சொல்கிறேன். ஒரு வருஷம் மூன்று போட்டி, மூன்றிலும் 60, மூன்றும் வெள்ளை அட்டை (குறையில்லாத டைவ்), ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாலாவதில் 66 எழுதினேன், காது ஒத்துழைக்காமல் 61-ல் திரும்பினேன், 55 புள்ளி. அன்றைக்குத்தான் தெரிந்தது, என் மவுத்ஃபில் (காதைச் சமன்செய்ய வாயில் அடக்கி வைக்கும் காற்று) 58-லேயே தீர்ந்துபோகிறது, 60 வரைக்கும் ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன் என்று. பயிற்சியில் கயிற்றைத் தெரிந்த ஆழத்துக்கே விட்டுக்கொண்டிருந்ததால் அது வெளியே தெரியவே இல்லை.

ஆமைவேகம்:
ட்ரூபிரிட்ஜ் கூட்டியது ஒரு மீட்டர் என்று நீங்களே சொல்கிறீர்கள். தம்பிக்குச் சொல்வது மூன்று.

எட்டுக்கை:
நான் போட்டிகளில் சேஃப்டி பார்ப்பவள். 20, 30 மீட்டரில் காத்திருந்து ஆட்களோடு சேர்ந்து மேலே வருவது என் வேலை, அதனால் நீங்கள் புள்ளியாகப் பார்ப்பதை நான் முகமாகப் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் யாரும் கேட்காத ஒன்று: கடல்காகம், உங்கள் 52 உண்மையில் 52-தானா? மேலே வந்து 15 விநாடிக்குள் மாஸ்க், மூக்குக் கிளிப் எல்லாம் கழற்றி, கையால் ஓகே காட்டி, "ஐ யம் ஓகே" என்று சொன்னீர்களா? உதடு நீலம் என்றால் அநேகமாகக் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்திருப்பீர்கள். அதிலேயே அந்த 15 விநாடி போயிருந்தால் நடுவர் முன்னால் அது வெள்ளை அட்டை இல்லை. அப்படியானால் உங்கள் உச்சம் 48, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள், 55 என்பது ஏழு மீட்டர் தாவல்.

இன்னொன்று. பெரிய எண்ணை எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, திரும்பத் தெரிந்தவர் 70 எழுதினாலும் நிம்மதியாக நிற்பேன். திரும்புவதை மானப் பிரச்சினையாக நினைக்கிறவர் 40 எழுதினாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கணக்குவாத்தி:
அந்த 15 விநாடியை என் கணக்கில் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். தப்பினதில் மயக்கம் எத்தனை பங்கு என்பதுதான் விடையையே மாற்றுகிறது.

கடல்காகம்:
எட்டுக்கை அக்கா, இருமவில்லை, ஆனால் கயிற்றை விடவும் இல்லை. 48 எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடல்காகம்:
மூன்று நாளும் முடிந்தது, கேட்டவர்களுக்காக. முதல் நாள் 48, வெள்ளை. இரண்டாம் நாள் சுறாப்புட்டு அண்ணன் புண்ணியத்தில் 54 எழுதினேன், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, 47-ல் வலது காது திறக்கவே இல்லை, திரும்பிவிட்டேன், 39 புள்ளி. மூன்றாம் நாள் 50, வெள்ளை, மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றிச் சிரிக்கவே சிரித்தேன். நாலாவது இடம்.

சுறாப்புட்டு:
மூன்றாவது இடம் எத்தனை?

கடல்காகம்:
51.

சுறாப்புட்டு:
😐

ஆமைவேகம்:
அதையே நினைத்துக்கொண்டு அடுத்த தடவை 58 எழுதாமல் இருந்தால் சரி.

கடல்காகம்:
அந்த 51-காரர் என் பக்கத்து அறைதான் அண்ணே. முந்தின நாள் மாலை டீக்கடையில் அவரும் 50 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து போய் மாற்றிவிட்டு வந்திருக்கிறார்.